நிலாவைச் சொல்லிக் கையைக் கேட்ட பாட்டு

பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஒரு காலத்தில் ஒலித்த ஆங்கில நடனப் பாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘ஃப்ளை மீ டு த மூன்’ என்ற பாட்டைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்குமே வடசென்னையிலிருந்து வந்தவை.

கேள்வி: என் பெரியப்பா லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் இந்தப் பாட்டை ரெக்கார்டு பிளேயரில் போடுவார்கள். மெட்டு எனக்கு மனப்பாடம், பொருள் மட்டும் தெரியாது. வரும் தை மாதம் என் மகளுக்குத் திருமணம். வரவேற்பில் இந்தப் பாட்டு வேண்டும் என்கிறாள். ‘என்னை நிலவுக்குப் பறக்க விடு’ என்று அழைப்பிதழின் மேலே அச்சிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு யோசனையும் இருக்கிறது. என் மாமியாரோ, “கல்யாண வீட்டில் எதற்கு மேலே போகிற பேச்சு?” என்று முகம் சுளிக்கிறார். பாட்டின் உண்மையான பொருள்தான் என்ன?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை முதலில் போக்கிவிடுகிறேன். இந்தப் பாட்டில் யாரும் மேலே போவதில்லை. நிலவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஆரம்பிக்கும் குரல், எட்டு அளவுகள், அதாவது எட்டுத் தாளச் சுற்றுகள், முடிந்ததும் தரைக்கு வந்து, எதிரில் நிற்பவரிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த இறக்கம்தான் பாட்டின் பொருள்.

பாட்டின் அமைப்பைப் பாருங்கள். என்னை நிலவுக்குப் பறக்கவை, விண்மீன்களுக்கு நடுவே விளையாட விடு, வியாழனிலும் செவ்வாயிலும் வசந்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று மூன்று ஆசைகள் அடுக்கப்படுகின்றன. உடனே ‘இன் அதர் வேர்ட்ஸ்’ என்று ஒரு தொடர் வருகிறது. நம் மொழியில் அதற்கு ‘அதாவது’ என்ற ஒரே சொல் போதும். அதாவது, என் கையைப் பிடி. அதாவது, எனக்கு ஒரு முத்தம் கொடு. பிற்பகுதியில் என் நெஞ்சைப் பாட்டால் நிரப்பு, காலமெல்லாம் பாடவிடு, நான் ஏங்குவதும் வணங்குவதும் உன்னையே என்று மறுபடியும் குரல் உயர்கிறது. மறுபடியும் ‘அதாவது’ குறுக்கிடுகிறது. அதாவது, எனக்கு உண்மையாக இரு. அதாவது, நான் உன்னைக் காதலிக்கிறேன். பாட்டு அங்கே முடிகிறது.

1954-இல் பார்ட் ஹோவர்டு என்பவர் எழுதி இசையமைத்தபோது இதன் பெயரே ‘இன் அதர் வேர்ட்ஸ்’தான். நிலவு அப்போது தலைப்பில் இல்லை. அவர் அயோவா மாநிலத்தில் 1915-இல் பிறந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வெளியேறி நடனக் குழுக்களில் பியானோ வாசித்து, பிறகு நியூயார்க்கின் ‘புளூ ஏஞ்சல்’ என்ற இரவு விடுதியில் பியானோ வாசிப்பவராகவும் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் இருந்தவர். மேசைகளைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்கு மிக அருகில் நின்று, சொல் சொல்லாகக் காதில் விழும்படி பாடும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்துக்கு எழுதிய பாட்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதில் ஏன் இத்தனை அடக்கம் என்பது விளங்கும். எழுதி முடிக்க இருபது நிமிடம்தான் ஆயிற்றாம். இருபது நிமிடத்தில் ஒரு பாட்டு எழுதுவது எப்படி என்று தெரிந்துகொள்ளத் தமக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பெரும்பாலான பாடகர்கள் விட்டுவிடுகிற ஒரு முன்னுரைப் பகுதியும் இந்தப் பாட்டுக்கு உண்டு. உங்கள் எதிர்வீட்டு இசைத்தட்டிலும் அது இருந்திராது என்றே நினைக்கிறேன். எளிய ஒன்றைச் சொல்லக் கவிஞர்கள் பல சொற்களைச் செலவழிக்கிறார்கள், கவிதை பாட வேண்டுமானால் அதற்குச் சிந்தனையும் நேரமும் எதுகையும் வேண்டும், உனக்காக நான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், ஆனால் நான் சொல்வது உனக்குப் புரிய வேண்டுமே என்பதற்காகப் போகப் போக மொழிபெயர்த்தும் சொல்லிவிடுகிறேன் என்பது அதன் சாரம். அதைக் கேட்ட பிறகு பாட்டின் மீது எனக்கிருந்த எண்ணமே மாறிவிட்டது. நிலவைப் பற்றிய பாட்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். உவமைகளின் மேல் நம்பிக்கை போதாத ஒரு காதலனோ காதலியோ தன் பாட்டுக்குத் தானே உரை எழுதுகிற பாட்டு அது. நம் பழைய உரையாசிரியர்கள் செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்லிவிட்டு, இறுதியில் ‘என்றவாறு’ என்று முடிப்பார்கள் அல்லவா? அப்படி ஓர் உரையாசிரியர் இந்தப் பாட்டின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

நம் அகப்பாட்டு மரபில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் சற்று விந்தையாகத் தோன்றும். உள்ளுறையை, அதாவது பாட்டுக்குள் மறைத்து வைத்த பொருளை, விளக்கிச் சொன்னால் அதன் அழகு கெட்டுவிடும் என்றே நாம் பழகியிருக்கிறோம். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர், நானும் நீயும் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம் என்று, பெண் பார்க்க வந்த வீட்டுத் திண்ணையில் கேட்பதைப் போன்ற பச்சையான மூன்று கேள்விகளில் அது தொடங்குகிறது. அதன் பிறகே ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்ற உவமை வருகிறது. அன்புடைய நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று பாட்டு முடிகிறது. செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் போல என்ற அந்த உவமையின் வலிமை எத்தகையதென்றால், பாடியவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பாட்டு வெறும் பேச்சிலிருந்து உவமைக்கு ஏறுகிறது. ஹோவர்டின் பாட்டு உவமையிலிருந்து வெறும் பேச்சுக்கு இறங்குகிறது. இரண்டுமே ஒருவர் மற்றவரிடம் நெருங்கி வரும் வழிகள்தாம்.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கை, முத்தம், உண்மை, காதல் என்ற வரிசையில் காதல் கடைசியாக வருகிறது. முதல் மூன்றும் வேண்டுகோள்கள். நான்காவதுதான் பாடுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது, அதுவும் எதிராளி என்ன பதில் சொல்வார் என்று தெரியாமலே சொல்வது. ஆகவே இது வெற்றி பெற்ற காதலின் கொண்டாட்டம் அன்று; துணிவை வரவழைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி. ‘எனக்கு உண்மையாக இரு’ என்ற இடத்தில் ஒரு சிறிய அச்சமும் ஒளிந்திருப்பது அதனால்தான். திருமண வரவேற்புக்கு அது பொருந்துமா என்றால், என் கருத்தில் நன்றாகவே பொருந்தும். கைப்பிடித்தல் என்பதே நம்மிடம் திருமணத்துக்கு ஒரு பெயர்.

அழைப்பிதழ் வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘பறக்க விடு’ என்பது நம் பக்கத்தில் புறாவுக்கும் காத்தாடிக்கும் சொல்லும் சொல். வியாசர்பாடியில் மாடிக்கு மாடி புறாக்கூண்டு வைத்திருக்கும் உங்கள் உறவினர்கள் அந்த வரியைப் படித்தால் மணப்பெண் கிளம்பிப் போகப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். மூலத்திலும் அந்தச் சொல் சிக்கலானதே. ‘ஃப்ளை மீ’ என்பதை ‘டேக் மீ’ என்று, அதாவது ‘கூட்டிப் போ’ என்று மாற்றச் சொல்லிப் பதிப்பாளர் ஒருவர் வற்புறுத்தியும் ஹோவர்டு மறுத்துவிட்டார். அவர் மறுத்தது நல்லதாயிற்று. ஆங்கிலத்தில் ஒரே அசையில் முடிகிற அந்தச் சொல்லுக்குத் தமிழில் ‘பறக்கவை’ என்றோ ‘பறக்கச் செய்’ என்றோ நீட்ட வேண்டியிருக்கிறது. நீட்டியவுடன் இறக்கை உதிர்ந்துவிடுகிறது. அழைப்பிதழில் ஏதேனும் ஒரு வரி வேண்டுமென்றால், நிலவை விட்டுவிட்டு ‘கையைப் பிடி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. குழந்தைக்குச் சோறூட்டும்போது ‘நிலா நிலா ஓடி வா’ என்று அவரும் பாடியிருப்பார். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பகுதியே உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று நிலவை நயந்தும் மிரட்டியும் அழைப்பார்கள். நாம் நிலவைக் கீழே கூப்பிடுகிற கூட்டம், இந்தப் பாட்டு மேலே போகக் கேட்கிறது. ஆனால் இரண்டிலும் நிலவு ஒரு சாக்குத்தான். அங்கே காரியம் ஒரு கவளம் சோறு, இங்கே காரியம் ஒரு கை.

கேள்வி: நிலவில் மனிதன் கால் வைத்ததைக் கொண்டாட எழுதிய பாட்டு இது என்று என் தந்தையார் சொல்வார். அது சரியா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சரியன்று, ஆனால் உங்கள் தந்தையார் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாட்டு எழுதப்பட்டது 1954-இல். முதல் செயற்கைக் கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குச் சென்றது 1957 அக்டோபரில். ஆகவே ஹோவர்டு எழுதியபோது நிலவு என்பது போக முடியாத இடத்துக்கு மறுபெயராகவே இருந்தது. கே பாலார்டு என்ற பாடகி அதே 1954-இல் முதலில் பதிவு செய்தபோது, இசைத்தட்டில் வேறொரு பாட்டின் மறுபக்கத்தில்தான் இதற்கு இடம் கிடைத்தது. 1960-இல் பெக்கி லீ பாடித் தொலைக்காட்சி வழியாகப் பலரிடம் கொண்டுசேர்த்தார். மக்கள் முதல் அடியைச் சொல்லியே பாட்டைக் கேட்டதால், பெயரை மாற்றிவிடுமாறு ஹோவர்டிடம் சொன்னவரும் அவரே. 1964-இல் கவுண்ட் பேஸி இசைக்குழுவுடன் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பதிவு வந்தது. அதன் இசை ஒழுங்கமைப்பு குவின்சி ஜோன்ஸுடையது. அமெரிக்கா நிலவுப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதால், பாட்டும் பயணமும் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

1969 மே மாதம் அப்போலோ 10 விண்கலத்தில் இந்தப் பாட்டு ஒலித்தது. அந்தப் பயணத்தில் நிலவின் தரைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கிவிட்டு, கால் வைக்காமல் திரும்பினார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இருக்க முடியாது.

இடையில் ஒரு சிறு குறிப்பு. வியாழனிலும் செவ்வாயிலும் வசந்தம் எப்படி இருக்கும் என்று பாட்டு கேட்கிறதே, அதற்கு விடை உண்டு. செவ்வாயின் அச்சு ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருப்பதால் அங்கே பருவங்கள் மாறுகின்றன, வசந்தமும் வருகிறது. வியாழனின் சாய்வு 3 பாகைதான். அங்கே பருவ மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். இளவேனில் என்று ஏட்டில் படித்துவிட்டுச் சித்திரை வெயிலில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற நமக்கு வியாழனின் நிலை நன்றாகவே புரியும்.

கேள்வி: நான் கீபோர்டு கற்றுக்கொள்ளும் மாணவி. சொற்கள் மகிழ்ச்சியானவை, தாளம் துள்ளுகிறது. ஆனாலும் இந்தப் பாட்டைத் தனியே வாசிக்கும்போது இலேசாகத் துயரம் தட்டுகிறது. என் காதுக் கோளாறா?
— ஒரு கல்லூரி மாணவி, ராயபுரம்

பதில்: உங்கள் காது சரியாகவே இருக்கிறது. நீங்கள் சி மேஜரில் வாசிப்பதாக வைத்துக்கொள்கிறேன். பாட்டின் வீடு, அதாவது அது திரும்பி வந்து ஓய வேண்டிய இடம், சி. ஆனால் முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சோகச் சாயல் கொண்ட ஏ மைனர். பிறகு டி மைனர், ஜி, சி, எஃப், பி, ஈ என்று ஒவ்வொரு கார்டும் அடுத்ததன் மேல் சாய்ந்து, அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே போய், எட்டாவது அளவில் மறுபடியும் ஏ மைனருக்கே வந்துசேர்கிறது. நடுவில் சி ஒரு கணம் தலைகாட்டினாலும், பாட்டு அங்கே உட்காராமல் வாசலோடு கடந்துவிடுகிறது. நிலவு, விண்மீன், வியாழன், செவ்வாய் ஆகிய சொற்களெல்லாம் இந்தச் சுற்றில்தான் வருகின்றன. இத்தனை தொலைவு பறந்தும் ஒரு மைனரில்தான் வந்து இறங்குகிறோம். உங்களுக்குத் தட்டிய துயரம் அதுதான்.

இப்போது ‘அதாவது’ வரும் இடத்தை வாசித்துப் பாருங்கள். டி மைனர், ஜி, அங்கிருந்து நேராக சி. கையைப் பிடிக்கச் சொல்லும் தொடரின் கடைசிச் சொல் வீட்டுக் கார்டின் மேல் விழுகிறது. பாட்டின் இறுதியிலும், காதலிக்கிறேன் என்று சொல்லி முடிக்கும்போது, அதே சி. நிலவு அலைகிறது, கை வீட்டில் இருக்கிறது என்பதைச் சொற்கள் மட்டுமன்றிக் கார்டுகளும் சொல்கின்றன. நான் இந்தப் பாட்டை மெச்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

மெட்டிலும் ஒரு குறும்பு இருக்கிறது. பறக்கச் சொல்லும் முதல் அடியில் மெட்டு மேலே ஏறியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அது மேல் ஷட்ஜத்தில் நின்று ஸ, நி, த, ப, ம என்று ஐந்து ஸ்வரங்களில் இறங்குகிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சங்கராபரணத்தின் அவரோகணத்தில் பாதி கேட்டது போலிருக்கும். சற்று நேரத்திலேயே, வியாழனைச் சொல்லும் இடத்தில், அந்த ராகத்துக்கு அந்நியமான ஒரு ஸ்வரம் எட்டிப்பார்ப்பதால் ராகப் பெயர் வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ‘பற’ என்று சொல்லிக்கொண்டே படியிறங்கும் மெட்டு, பாட்டு எங்கே முடியப்போகிறது என்பதை முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறது.

கேள்வி: நான் திருமண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். இந்தப் பாட்டைச் சிலர் மூன்று எண்ணிக்கையிலும் சிலர் நான்கிலும் கேட்கிறார்கள். எது சரி? இதை ஜாஸ் பாட்டு என்று சொல்வதும் சரிதானா?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: எழுதப்பட்டது மூன்றில், அதாவது வால்ட்ஸ் நடையில். முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் பாடப்பட்டது. 1962-இல் ஜோ ஹார்னெல் இதைப் பாசா நோவா என்ற பிரேசில் நாட்டு நடைக்கு மாற்றி வாத்திய இசையாகத் தந்தது பெரிய வெற்றி பெற்றது. 1964-இன் சினாட்ரா பதிவு நான்கு எண்ணிக்கையில், ஸ்விங் என்ற துள்ளல் நடையில் அமைந்தது. இன்று உலகம் கேட்பது அந்த நான்கைத்தான். மூன்று பிழையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூத்தது அதுதான்.

ஜாஸ் பாட்டாக இது பிறக்கவில்லை. விடுதிப் பாடகர்களுக்காக எழுதிய பாட்டை ஜாஸ் கலைஞர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். மாணவிக்கு நான் சொன்ன அந்தச் சுற்றிவரும் கார்டு வரிசை, கற்பனையாக வாசிப்பவருக்கு ஓடி விளையாட இடம் தருவதால், அவர்கள் இதை விடவே இல்லை.

பெரம்பூர் வாசகி தை மாதத்துக்கு உங்கள் குழுவையே அமர்த்தினாலும் அமர்த்துவார் என்பதால் ஒரு வேண்டுகோள். நான்கில் வாசியுங்கள், ஆனால் ஒவ்வொரு முறை ‘இன் அதர் வேர்ட்ஸ்’ வரும்போதும் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பந்தியில் இலை போடும் சத்தமும் பாயசம் கேட்கும் குரல்களும் இருக்கும்; அவற்றை மீறி, கையைப் பிடிக்கச் சொல்லும் அந்தச் சிறிய தொடர் மேடையில் நிற்கும் இருவருக்காவது கேட்க வேண்டும்.